744 என்ற முகவரி

அந்தமானுக்குப் போகும் எந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாலும் பின்கோடு 744 என்றுதான் தொடங்கும். போர்ட் பிளேர் 744101, கார் நிக்கோபார் 744301, தெற்குக் கோடியில் இருக்கும் கேம்ப்பெல் பே 744302. 2024இல் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எண் அப்படியே நின்றது. 1972 ஆகஸ்ட் 15 அன்று ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இந்த முறை நடைமுறைக்கு வந்தபோது, கிழக்கு மண்டலத்துக்கு 7 ஒதுக்கப்பட்டது. அதற்குள் மேற்கு வங்கத்துக்கு 70 முதல் 74 வரை. அந்தமான் தபால் நிர்வாகம் மேற்கு வங்க வட்டத்தின் கீழ் வருவதால் தீவுகளுக்குக் கிடைத்தது 744.

ஆக, எண்ணுக்கும் தீவுக்கும் உள்ள உறவு ஓர் அலுவலக ஏற்பாடு. வேறு எண் கொடுத்திருந்தாலும் கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ஒட்டிய முகவரியை உரித்துவிட்டு எண்ணை மட்டும் கையில் எடுத்தால் என்ன மிஞ்சும்? ஒரு பெரிய முழு எண்ணுக்குச் சொந்தக் குணம் என்று ஏதாவது உண்டா, அல்லது எல்லாமே நாம் எழுதும் விதத்திலும் பெயரிடும் விதத்திலும் இருக்கிறதா? எண் கோட்பாடு என்ற துறை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. அதைச் சோதிக்க 744101 நல்ல எண். அதன் முன்பாதியான 744 அதைவிட நல்ல எண்.

முதலில் எளிய சோதனை. 744101 ஒற்றைப்படை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 17, எனவே 3 வகுக்காது. 5இல் முடியவில்லை. 7ஆல் வகுத்தால் 1 மீதி, 11ஆல் 6 மீதி, 13ஆல் 7 மீதி. இப்படியே பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துக்கொண்டு போகலாம். அதன் வர்க்கமூலம் 862க்குச் சற்று மேல் என்பதால், 859 வரையுள்ள 149 பகா எண்களைத் தாண்டிவிட்டால் அது பகா எண் என்று முடிவு கட்டிவிடலாம். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 22ஆவது பகா எண்ணான 79 அதை மீதியில்லாமல் வகுக்கிறது: 79 × 9419. இந்த 9419ஐ உடைக்க 97 வரை முயன்றால் போதும், எதுவும் உடைக்காது. எனவே போர்ட் பிளேரின் பின்கோடு சரியாக இரண்டு பகா எண்களின் பெருக்கல்.

இது எண்ணின் சொந்தக் குணம். உலகில் யார் வகுத்தாலும், எந்த மொழியில் எழுதினாலும், 79உம் 9419உம்தான் வரும். வேறு பகா எண்களைப் பெருக்கி இந்த எண்ணை ஒருபோதும் பெற முடியாது. ஒரு முழு எண் ஒரே விதமாகத்தான் பகா எண்களாகப் பிரியும் என்பதைப் பள்ளியில் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை போகும் இடமெல்லாம் அந்த ஒரே விதம் என்ற சொல் திரும்ப வரும். அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அதிலிருந்து உடனே ஒரு விளைவு. 744101ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4ஆல் வகுத்தால் 1 மீதி வருவதால் முதல் பார்வைக்கு முடியும் போலத் தோன்றும். ஆனால் அதன் காரணியான 79, 4ஆல் வகுத்தால் 3 மீதி தருவது. அதுவும் ஒரே ஒரு முறை மட்டும் வருகிறது. பெர்மா பதினேழாம் நூற்றாண்டில் கூறி, பின்னர் ஆய்லர் நிறுவிய விதியிலிருந்து கிடைக்கும் முடிவு இது: அத்தகைய எண்ணை இரு வர்க்கங்களாகப் பிரிக்கவே முடியாது. எத்தனை கணினி ஓட்டினாலும் கிடைக்காது. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்.

வர்க்கத்தை விட்டு உயர்ந்த படிகளுக்குப் போனால் பாதை தமிழ்நாட்டுக்கு வருகிறது. எந்த முழு எண்ணையும் எழுத அதிகபட்சம் எத்தனை நான்காம் படிகள் தேவை, எத்தனை ஆறாம் படிகள் தேவை என்று 1770இல் வாரிங் கேட்டார். ஆறாம் படிகளுக்கு விடை 73 என்று 1940இல் நிறுவியவர் எஸ். எஸ். பிள்ளை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 744101ஐயே எடுத்துக்கொள்ளலாம். 9இன் ஆறாம் படி ஒன்று, 7இன் ஆறாம் படி ஒன்று, 6இன் ஆறாம் படி இரண்டு, 3இன் ஆறாம் படி இரண்டு, 2இன் ஆறாம் படி மூன்று, மீதிக்கு 1 என்று 49 தடவை. மொத்தம் 58, பிள்ளையின் எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. நான்காம் படிகளுக்கு விடை 19 என்று 1986இல் இரு பிரெஞ்சுக் கணிதரோடு சேர்ந்து நிறுவியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்பிரமணியன். பிள்ளை 1950இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். ராமானுஜனின் பெயர் தெரிந்த வீடுகளில்கூட அவர் பெயர் தெரியாமல் இருப்பது தமிழர்களுக்குப் பெரிய குறை.

இனி மறுபக்கம். எண்ணின் குணம் போலத் தோன்றி, உண்மையில் எழுத்தின் குணமாக இருப்பவை.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். கப்ரேகர் 6174 என்ற எண்ணின் விந்தையைக் கண்டார். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அதை வெளியிட்டார். எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழிக்க வேண்டும். விடையையும் அப்படியே செய்ய வேண்டும். ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும். அந்தமான் எண்ணின் முதல் நான்கு இலக்கங்களைப் போட்டுப் பார்த்தால் 7441 கழித்தல் 1447 என்பது 5994. பிறகு 5355, 1998, 8082, 8532, ஆறாவது தடவை 6174. கப்ரேகர் இன்னொரு வகை எண்ணுக்கு ஹர்ஷத் என்று பெயர் வைத்தார்: தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண். 6174இன் இலக்கக் கூட்டு 18; 18 × 343 என்பது 6174. ஆகவே அது ஹர்ஷத்.

நிக்கோபார் மக்களின் எண்ணும் முறையில் இதே 6174ஐ வைத்தால் என்ன ஆகும்? அங்கே எண்ணின் அடிப்படை இருபது. தேங்காய்தான் அவர்களுடைய வாழ்வும் வணிகமும். தேங்காயை இரட்டை இரட்டையாகச் சேர்த்து, இரட்டைகளை இருபது இருபதாக எண்ணும் வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே அதிகாரியாக இருந்த ஈ. எச். மேன் பதிவு செய்திருக்கிறார். மத்திய நிக்கோபார் மொழிக்கு அவர் தொகுத்த அகராதி 1889இல் வெளிவந்தது. இருபது அடிப்படையில் 6174 என்பது 15 நானூறு, 8 இருபது, 14 ஒன்று. கூட்டினால் 37. 6174ஐ 37 வகுக்காது. பத்தில் ஹர்ஷத்தாக இருந்த எண் இருபதில் அந்தத் தகுதியை இழந்துவிடுகிறது.

744 தேங்காய்களை அதே முறையில் எண்ணினால் 372 இரட்டை. அதாவது பதினெட்டு இருபது இரட்டைகளும் மேலே 12 இரட்டைகளும். 744101 தேங்காய்களை அடுக்கினால் கடைசியில் ஒன்று துணையில்லாமல் நிற்கும். அந்த ஒற்றைத்தன்மை எண்ணுக்கே உரியது, எந்த அடிப்படைக்கும் அசையாதது. 79ஆல் வகுபடுவதும் அப்படியே. ஆனால் இடமிருந்து வலமாக 7, 4, 4, 1, 0, 1 என்ற வரிசை பத்து விரல் கணக்கின் வரிசை மட்டுமே. இருபதில் அதே எண் 4, 13, 0, 5, 1 என்று எழுதப்படும்.

கிரேட் அந்தமானிய மொழிகளைப் பற்றி மேன் எழுதியதும் இங்கே கவனிக்கத் தக்கது. ஒன்று, இரண்டு ஆகியவற்றுக்கு மட்டுமே அங்கே தனி எண்ணுப்பெயர். அதற்கு மேல் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியாலும் மூக்கைத் தொட்டு, இதுவும், இதுவும் என்று பத்து வரை சொல்வார்கள் என்கிறார். இதைக் காட்டி அந்த மக்களுக்கு எண்ணறிவு குறைவு என்று அக்காலத்து ஐரோப்பிய நூல்கள் எழுதின. அது தவறான முடிவு. பெயர் இல்லாததால் எண் இல்லாமல் போகாது. ஒரு விரலுக்கு ஒரு பொருள் என்று பொருத்திப் பார்ப்பதுதான் எண்ணுதலின் வேர், அது அவர்களிடம் முழுமையாக இருந்தது. பெரும் எண்களுக்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்றெல்லாம் பெயர் வைத்த தமிழுக்கும் அந்தப் பெயர்கள் எண்ணின் குணத்தைத் தந்துவிடவில்லை.

அப்படியானால் எழுத்தையும் பெயரையும் கழித்த பிறகு மிஞ்சும் குணம் எவ்வளவு ஆழம் போகும்? இங்கேதான் 744 வெளிச்சத்துக்கு வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதத்தில் ஜே சார்பு என்று ஒன்று உருவானது. நீள்வட்ட வளைவரைகளை வகைப்படுத்தும் சார்பு அது. அதை ஒரு தொடராக விரித்தால் முதல் உறுப்பு மாறியின் தலைகீழ். அடுத்து நிற்பது 744. அதற்கடுத்து 1,96,884 பெருக்கல் மாறி. பிறகு 2,14,93,760 பெருக்கல் மாறியின் வர்க்கம். முடிவில்லாமல் போகும். எல்லாமே முழு எண்கள். அந்தமானின் எண் அந்தத் தொடரின் நடுவே எந்த மாறியும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

அந்த 744 எங்கிருந்து வருகிறது என்பதைக் கூட்டல் கணக்காகவே சொல்லலாம். ஜே சார்பு இரண்டு தொடர்களின் வகுத்தல். மேலே நிற்பது 1, 240 என்று தொடங்கும் தொடரின் கனம். கீழே நிற்பது 24 முறை பெருக்கப்பட்ட ஒரு முடிவிலிப் பெருக்கல். கனமாக்கும்போது 240 மூன்று தடவை சேர்ந்து 720 ஆகிறது. கீழிருக்கும் பெருக்கல் 24ஐக் கொண்டுவருகிறது. 720உம் 24உம் சேர்ந்து 744. இந்த இரு தொடர்களையும் ராமானுஜன் 1916இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் விரிவாகக் கையாண்டார். அவருடைய புகழ்பெற்ற டாவ் சார்பு கீழிருக்கும் அந்தப் பெருக்கலிலிருந்துதான் பிறந்தது. அதன் இரண்டாவது மதிப்பு கழித்தல் 24.

தபால் துறையின் 744 தற்செயல். இந்த 744க்குக் காரணம் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லாத எண் கட்டுரை எண்சோதிடத்தில் போய் முடியும்.

இந்த 744ஐச் சுமந்து நிற்கும் பெரிய முழு எண் ஒன்று உண்டு: 2,62,53,74,12,64,07,68,744. பதினெட்டு இலக்கங்கள். வாயால் சொன்னால் இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து கோடியே முப்பத்தேழு லட்சத்து நாற்பத்தோராயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு கோடி, அதற்கு மேல் ஏழு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு. 2.71828 என்று தொடங்கும் இயற்கை மடக்கையின் அடியை, பை பெருக்கல் 163இன் வர்க்கமூலம் என்ற படிக்கு உயர்த்தினால் கிடைப்பது இந்த எண்ணுக்குக் கீழே, மயிரிழையில் நிற்கிறது. அந்த மதிப்பின் முழுப்பகுதியில் கடைசி இலக்கங்கள் 743. தசமப் புள்ளிக்குப் பிறகு பன்னிரண்டு ஒன்பதுகள். அதன் பிறகே 25 என்று வேறு இலக்கங்கள் வருகின்றன. பை முழு எண்ணும் இல்லை, பின்னமும் இல்லை. 163இன் வர்க்கமூலமும் அந்த அடியும் அப்படியே. மூன்று அடங்காத எண்கள் சேர்ந்து ஒரு முழு எண்ணின் வாசல் வரை வந்து நிற்கின்றன. பிரான்சின் எர்மீட் இதை 1859இலேயே கவனித்தார்.

காரணம் அந்த ஒரே விதம். எண் மண்டலத்தை விரித்து, கழித்தல் 5இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்டால் காரணிப்படுத்தல் குழம்பிவிடும்: 6ஐ 2 × 3 என்றும் எழுதலாம், 1 கூட்டல் அந்த மூலம், 1 கழித்தல் அந்த மூலம் ஆகிய இரண்டின் பெருக்கலாகவும் எழுதலாம். எந்தெந்தக் கழித்தல் எண்களின் மூலத்தைச் சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது? 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163 ஆகிய ஒன்பதுக்கு மட்டும் வராது. 1801இல் காஸ் எழுப்பிய ஊகத்திலிருந்து வளர்ந்த கேள்வி இது. பட்டியல் இத்தோடு முடிகிறது என்று 1952இல் நிறுவியவர் ஹீக்னர் என்ற ஜெர்மானியர். அவருடைய நிறுவலில் ஓட்டை இருக்கிறது என்று நினைத்துக் கணித உலகம் ஒதுக்கியது. பேக்கரும் ஸ்டார்க்கும் 1960களின் பிற்பாதியில் தனித்தனியே நிறுவிய பின், ஸ்டார்க்கே திரும்பிப் பார்த்து ஹீக்னரின் வழி அடிப்படையில் சரிதான் என்று காட்டினார். அதற்குள் ஹீக்னர் இறந்துவிட்டார்.

163க்கு ஒரே விதக் காரணிகள் இருப்பதால் ஜே சார்பு அந்த இடத்தில் ஒரு முழு எண்ணாக, அதுவும் ஒரு முழு எண்ணின் கனமாக விழுகிறது: 6,40,320இன் கனம், கழித்தல் குறியோடு. தொடரின் முதல் இரு உறுப்புகளோடு அதை ஒப்பிட்டால் நம் பெரிய எண் 6,40,320இன் கனம் கூட்டல் 744 என்று வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் வித்தியாசம் 1,96,884ஐ அந்தப் பெரிய எண்ணால் வகுத்தது. அதனால்தான் அது அவ்வளவு சிறியது. இதே கணக்கு பட்டியலின் மற்ற எண்களுக்கும் பொருந்தும். 67க்கு 5,280இன் கனம் கூட்டல் 744. 43க்கு 960இன் கனம் கூட்டல் 744. 19க்கு 96இன் கனம் கூட்டல் 744, அதாவது 8,85,480. உண்மை மதிப்பு 8,85,479.7777. படிகள் சிறுக்கச் சிறுக்க நெருக்கம் குறைகிறது, ஆனால் 744 எங்கும் மாறாமல் வருகிறது.

163 பள்ளி மாணவருக்குப் பழக்கமான ஓர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. ஏதேனும் ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை தொடர்ந்து பகா எண்களே கிடைக்கும்: 41, 43, 47, 53, 61, 71... ஆய்லர் காலத்திலிருந்து வியக்கப்படும் சூத்திரம். 41ஐ நான்கால் பெருக்கி 1 கழித்தால் 163. நாற்பது பகா எண்கள் வரிசையாக வருவதற்கும் பன்னிரண்டு ஒன்பதுகள் வரிசையாக வருவதற்கும் மூலம் ஒன்றே.

1,96,884க்கு வேறொரு கதை உண்டு. 1978இல் ஜான் மெக்கே அது 1,96,883ஐ விட ஒன்று அதிகம் என்று கவனித்தார். 1,96,883 என்பது மான்ஸ்டர் என்று பெயர் பெற்ற மாபெரும் சமச்சீர்க் குலம் செயல்படக்கூடிய மிகச் சிறிய பரிமாணம். அந்தக் குலத்தின் உறுப்புகளின் எண்ணிக்கை 54 இலக்க எண். தற்செயல் என்றே பலரும் முதலில் நினைத்தார்கள். கான்வேயும் நார்ட்டனும் ஊகமாக்கினார்கள். போர்ச்சர்ட்ஸ் 1992இல் நிறுவினார், 1998இல் அதற்காக ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். எண்களின் ஒற்றுமையைக் கண்டதும் சிரித்து ஒதுக்காமல் சோதித்துப் பார்த்ததற்குக் கிடைத்த பலன் அது. 744இன் பின்கோடு ஒற்றுமையை அதே சோதனைக்கு உட்படுத்தினால் பின்னால் எதுவும் இல்லை. சோதனை இரண்டுக்கும் பொதுவானது, முடிவுகள்தான் வேறு.

இனி ராமானுஜனுக்கு வருவோம். அந்தமான் கப்பல்கள் புறப்படும் அதே சென்னைத் துறைமுகத்தில், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில், 1912 மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராக இருந்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் இங்கிலாந்து புறப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த, பையின் தோராயங்கள் பற்றிய கட்டுரையில் கிட்டத்தட்ட முழு எண்ணாகும் மூன்று மதிப்புகளைத் தருகிறார். அவற்றில் 163 இல்லை. 22, 37, 58 ஆகியவைதான் இருக்கின்றன.

58ஐ எடுத்துக்கொள்வோம். பை பெருக்கல் 58இன் வர்க்கமூலம் என்ற படிக்கு உயர்த்தினால் 24,59,12,57,751.99999982. அதன் அருகிலிருக்கும் முழு எண் 24,59,12,57,752. அதனோடு 104ஐக் கூட்டினால் 24,59,12,57,856. அது சரியாக 396இன் நான்காம் படி. 22க்குப் பார்த்தால் 25,08,952. 104 கூட்டினால் 1,584இன் வர்க்கம். 37க்கு 19,91,48,648, 104 கழித்தால் 14,112இன் வர்க்கம். 744 வகித்த இடத்தை இங்கே 104 வகிக்கிறது; ஜே சார்புக்கு நெருங்கிய உறவான வேறொரு சார்பின் மாறிலி அது.

அதே 396 அதே கட்டுரையில் இன்னொரு இடத்தில் வருகிறது. பையின் தலைகீழுக்கு ராமானுஜன் தந்த தொடர்களில் மிகப் புகழ்பெற்றதில் 9801, 1103, 26390 ஆகியவற்றோடு 396இன் நான்காம் படிதான் அடித்தளம். முதல் உறுப்பு ஒன்றே 3.141592 வரை சரியாகத் தருகிறது. ஒவ்வொரு புதிய உறுப்பும் ஏறத்தாழ எட்டு இலக்கங்களைச் சேர்க்கிறது. 1985இல் பில் காஸ்பர் இதைக் கணினியில் ஓட்டிப் பைக்கு ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் கண்டார். சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அதே பாதையில் போய், 58க்குப் பதில் 163ஐ வைத்து, 6,40,320இன் கனத்தை அடித்தளமாக்கி, உறுப்புக்குப் பதினான்கு இலக்கம் தரும் தொடரை எழுதினார்கள். இன்று பைக்கு உலகச் சாதனை படைக்கும் கணினிகள் ஓட்டுவது அதைத்தான்.

163இன் பதினெட்டு இலக்க எண்ணை ராமானுஜன் மாறிலி என்று அழைக்கும் பழக்கம் பரவிவிட்டது. அதற்கு ஊற்று 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பத்தியில் செய்த ஏப்ரல் முட்டாள் விளையாட்டு: ராமானுஜன் 1914இல் அது முழு எண் என்று ஊகித்ததாகவும், அந்த ஊகம் இப்போது நிறுவப்பட்டுவிட்டதாகவும் எழுதினார். தமிழில் வரும் ராமானுஜன் நூல்களும் பாடக் குறிப்புகளும் இந்தப் பெயரை உண்மை வரலாறு போல ஏற்கக் கூடாது. 163இன் எண் எர்மீட்டுடையது. 24,59,12,57,752 ராமானுஜனுடையது, அச்சில் இருப்பது, பையின் தொடரோடு நேரடியாகப் பிணைந்தது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். 104ஐக் கூட்டி, 396இன் நான்காம் படி வருகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள்.